லேப்டாப் கேமரா பிரவுசரில் மட்டும் தெரியவில்லை, உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. வேளச்சேரியில் இருக்கிறேன். 2021ல் வாங்கிய லேப்டாப், விண்டோஸ் 11. போன வாரம் அப்டேட் ஓடி முடிந்ததிலிருந்து பிரவுசரில் வீடியோ கால் போட்டால் "கேமரா இல்லை" என்றே வருகிறது. மைக் மட்டும் ஒழுங்காக எடுக்கிறது.

விண்டோஸோடு வரும் கேமரா ஆப்பைத் திறந்தால் படம் பளிச்சென்று தெரிகிறது, பக்கத்திலுள்ள சின்ன வெள்ளை லைட்டும் எரிகிறது. பிரவுசரில் அந்த லைட் ஒரு நொடிகூட எரிவதில்லை. அதனால் கேமராவே போய்விட்டது என்று என்னால் நம்ப முடியவில்லை. ரிச்சி தெருவில் ஒரு கடையில் கேமராவை மாற்றச் சொல்கிறார்கள், எனக்கு மனசு ஒப்பவில்லை.

பிரைவசி செட்டிங்ஸில் டெஸ்க்டாப் ஆப்களுக்கான கேமரா அனுமதி ஆனில்தான் இருக்கிறது. பிரவுசரில் அந்தத் தளத்துக்கும் அனுமதி கொடுத்தாயிற்று. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி எதுவும் இல்லை. டிரைவரை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தேன். ஆன்டிவைரஸின் கேமரா பாதுகாப்பையும் அணைத்துப் பார்த்தேன். வேறொரு பிரவுசரிலும் இதே கதைதான். பக்கத்து வீட்டு அண்ணனிடம் வாங்கிய யூஎஸ்பி கேமராவும் பிரவுசரில் வரவில்லை.

தம்பிக்கு திங்கட்கிழமை ஆன்லைன் இன்டர்வியூ, இந்த லேப்டாப்பில்தான்.

கேமரா ஆப்பில் வேலை செய்து, எந்த பிரவுசரிலும் தெரியாமல் இருந்தால், விண்டோஸில் அடுத்து எந்த இடத்தைப் பார்க்க வேண்டும்?