12-பிட் சாம்பிளரில் டிரம் ஏற்றியவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

லூப் பைத்தியம்:
எஸ்பி-1200 பற்றி இங்கே விளக்க வேண்டியதில்லை, ஒலியைப் பதிந்து பேடில் தட்டி வாசிக்கும் பழைய டிரம் சாம்பிளர். 12 பிட், 26.04 கிலோஹெர்ட்ஸ், மொத்தமே பத்து வினாடி, ஒரு பேடுக்கு இரண்டரைக்கு மேல் கிடையாது. டொராண்டோவில் நண்பர் ஒருவரின் பேஸ்மென்டில் ஒன்று இருக்கிறது. நான் கொண்டுபோன கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), லேப்டாப்பில் அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோலத்தான் கேட்டது. உள்ளே ஏற்றி, டியூன் ஸ்லைடரைக் கீழே இழுத்ததும் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. சரி, இது எல்லோருக்கும் நடப்பதுதான். அடுத்ததுதான் என்னை விடவே மாட்டேன் என்கிறது. அவர் ஒன்றுமே பேசாமல் அந்தக் கிக்கை 1-ஆம் சானலிலிருந்து 8-க்கு மாற்றினார். அதே சாம்பிள், அதே டியூனிங். ஆனால் அடிக்கு மேலே "ஙீ" என்று ஒரு கூர்மையான ஓசை ஒட்டிக்கொண்டது. கனம் பாதி காணோம். 1, 2-இல் மேல் ஓசையை வெட்டும் எஸ்எஸ்எம் 2044 ஃபில்டர், 3 முதல் 6 வரை நிலையான ஃபில்டர், 7, 8-இல் எதுவும் இல்லை என்பது தெரியும். அப்படியானால் நான் கேட்ட "கனம்" கீழ் ஓசை கூடியதால் வந்ததா, மேல் ஓசையை வெட்டியதால் வந்ததா?

ரேக் அறை:
ஃபில்டருக்கே எல்லாப் பெயரையும் கொடுத்துவிடாதீர்கள். அந்த "ஙீ" தான் எஸ்பியின் கையெழுத்தே. சுருதியை இறக்கும்போது அது இடைப்பட்ட மதிப்புகளைக் கணக்குப் போடாது, இருக்கிற மதிப்பையே திரும்பச் சொல்லும். அதில் பிறக்கும் அலியாசிங், அதாவது மூலத்தில் இல்லாத போலி ஓசை அது. நியூயார்க் ஹிப்-ஹாப்காரர்கள் 33 வேக இசைத்தட்டை 45 வேகத்தில் ஓடவிட்டுப் பதிந்து, உள்ளே போனபின் இறக்கியது மெமரியை மிச்சம் பிடிக்கத்தான். சத்தம் அழுக்கானது கூடவே வந்த லாபம்.

என் கதை ஆக்காய் எஸ்950. லண்டன், ஜங்கிள் என்கிற வேகமான டிரம் இசை போட்டுக்கொண்டிருந்த ஒரு அண்ணாவின் ரேக். அதுவும் 12 பிட்தான், ஆனால் சுருதி இறங்கும்போது அந்த ஒலியை வாசிக்கும் கிளாக்கே மெதுவாகிறது, அதனால் எஸ்பியின் "ஙீ" அதில் வராது. ஒரு பிரேக்கிலிருந்து (பாட்டில் டிரம் மட்டும் வரும் இடம்) வெட்டிய ஸ்நேர். அண்ணா பேண்ட்வித்தை, அதாவது பதிவாகும் மேல் ஓசையின் எல்லையை, கணிசமாகக் குறைத்துவிட்டு மறுபடி பதிந்தார். கம்பிகளின் "ஸ்ஸ்" போயே போய்விட்டது. குச்சி தோலில் படுகிற அந்த ஒரு "டொப்" மட்டும் முன்னே வந்து நின்றது. ஸ்நேரா டாமா என்று எனக்கே சந்தேகம். பாட்டுக்குள் வைத்ததும் அதைத் தவிர வேறெதுவும் காதில் விழவில்லை.

மென்பொருள் கட்சி:
பிட்டைக் குறைக்கும் பிட்கிரஷரில் 12 என்று வைத்துக் கிக்கை ஓட்டிப் பாருங்கள், ஒன்றுமே மாறாது. 12 பிட்டில் இரைச்சல் உச்சச் சத்தத்துக்குச் சுமார் 72 டெசிபல் கீழே கிடக்கிறது. ஓங்கி அடிக்கிற கிக்கில் அந்த இரைச்சலை யார் கேட்கப் போகிறார்கள்? பிட்டை விடுங்கள். சாம்பிள் ரேட், உள்ளே போகும் லெவல், வெளியே வரும் சர்க்யூட், இந்த மூன்றும்தான் விஷயம்.

தோல்வாத்தியம்:
மேலே சொன்னது கிக்குக்குச் சரி. 8 பிட்டில் பறையை ஏற்றிப் பார்த்தால் வேறு மாதிரி பேசுவீர்கள். என் சாம்பிளர் என்சோனிக் மிராஜ். திரையென்று இரண்டே இலக்கம், எண்களெல்லாம் ஹெக்ஸில், பிளாப்பி போடாமல் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. பறையின் முதல் அடி நன்றாகத்தான் விழுந்தது, கொஞ்சம் முரட்டுத்தனம் கூடியிருந்தது, அவ்வளவே. வால்தான் பயமுறுத்தியது. சத்தம் தேயத் தேய 256 படிகளில் கடைசிச் சில படிகள்தான் அதற்கு மிச்சம். கார்வை நொறுங்கி, மணல் கொட்டி, பட்டென்று நின்றுவிட்டது. பதிவு செய்து கொடுத்த பெரியவர் பக்கத்திலேயே இருந்தார். "தோலு கிழிஞ்சிருச்சா?" என்று பறையைத் திருப்பிப் பார்த்தார். நான் அந்த வாலை வெட்டவில்லை.

பழுதுபார்ப்பவன்:
என்னுடையது சின்னக் கதை: கேஸியோ எஸ்கே-1 என்கிற சின்ன சாம்பிளிங் கீபோர்டு, அதன் சொந்த மைக், ஒரு கைதட்டல். 8 பிட், 9.38 கிலோஹெர்ட்ஸ். இன்றுவரை அதைவிட நல்ல கிளாப் எனக்குக் கிடைக்கவில்லை.

லூப் பைத்தியம் தம்பி, எஸ்பி வாங்குமுன் கவனிக்க வேண்டியவை. அமெரிக்காவிலிருந்து வருவது 120 வோல்ட்டாக இருக்கும். பின்பக்கம் மாற்றும் வசதி இல்லையென்றால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் இங்கே பிளக்கைச் சொருகவே கூடாது. வந்தவுடன் பவர் சப்ளை கெபாசிட்டர்களைப் பாருங்கள், உப்பியிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். எட்டு ஸ்லைடர்களையும் ஒவ்வொன்றாக நகர்த்தி மதிப்பு குதிக்கிறதா என்று பாருங்கள். பிளாப்பியில் எழுதி, அணைத்து, மறுபடி ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள், ஏனென்றால் அணைத்தால் மெமரி காலி. நல்ல டிடி பிளாப்பி இப்போது கிடைப்பது அரிது, கோடெக் (Gotek) மாதிரி, பிளாப்பிக்குப் பதில் பென்டிரைவ் ஏற்கும் யூஎஸ்பி எமுலேட்டர் போட்டுவிடுவது உத்தமம். படத்தை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். காசு இருந்தால் எஸ்பியை வடிவமைத்த டேவ் ராஸம் 2021-இல் மறுபடி வெளியிட்டதைத் தேடலாம், ஆனால் விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

லூப் பைத்தியம்:
அண்ணா, நான் வாங்கப் போவதாகச் சொல்லவே இல்லையே! பிளக்கைச் சொருகுவதும் டொராண்டோவில்தான். ரேக் அறை, அடுத்த முறை போகும்போது 8-ஆம் சானலை மிக்சரில் எடுத்து, ஈக்யூவில் மேல் ஓசையை வெட்டிப் பார்க்கிறேன். 2044 இல்லாமலே அந்தக் கனம் வந்தால் இங்கேயே கிளிப் போடுகிறேன்.