புதுப்பிப்பு: டன்ஃபெர்ம்லைன் நூலகம், விட்டுப்போன விஷயங்கள்

ஸ்காட்லாந்தின் டன்ஃபெர்ம்லைன் ஊரில் 1883-இல் திறந்த நூலகத்தைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். அமெரிக்க எஃகு அதிபர் ஆண்ட்ரூ கார்னகியின் பணத்தில் எழுந்த 2,500-க்கும் மேற்பட்ட நூலகங்களில் அதுதான் முதலாவது. "முதல் நூலகத்தை அங்கே கட்டியது அவர் பிறந்த ஊர் என்பதால் மட்டும்தானா?" என்று ஒருவர் கேட்டிருந்தார்.

அது மட்டுமில்லை. கார்னகியின் அப்பா கைத்தறி நெசவாளி. அவரும் இன்னும் நான்கு நெசவாளர்களும் கையிலிருந்த கொஞ்சநஞ்சப் புத்தகங்களைச் சேர்த்து ஊரின் முதல் இரவல் நூலகத்தைத் தொடங்கினார்கள் என்று மகன் தன்வரலாற்றில் பெருமையோடு எழுதியிருக்கிறார். விசைத்தறி வந்து பிழைப்பு போகவே, 1848-இல் குடும்பம் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. பையனுக்கு 12 வயது.

1881-இல் அடிக்கல் நாட்டியது யார் தெரியுமா? அம்மா மார்கரெட்! செருப்புத் தைத்துக் குடும்பத்தைத் தாங்கிய கைகள் அவை. வாசலுக்கு மேலே கதிர் விரிக்கும் சூரியனைச் செதுக்கி, 'வெளிச்சம் உண்டாகக்கடவது' என்ற பைபிள் வசனத்தையும் ஆங்கிலத்தில் பொறித்தார்கள். எனக்கு இந்த இடம்தான் மனதை விட்டு அகலவில்லை.

அப்புறம், அமெரிக்காவின் ஹோம்ஸ்டெட் ஊரில் நடந்ததைச் சொல்லாமல் விட்டது தப்புதான். 1892-இல் அங்கிருந்த அவருடைய எஃகு ஆலையில் கூலிக் குறைப்பை எதிர்த்து நின்ற தொழிலாளர்கள் துப்பாக்கிச் சண்டையில் செத்தார்கள். 1898-இல் அந்த ஊருக்கும் நூலகம் கட்டிக்கொடுத்தார். நாளெல்லாம் உலையருகே நின்று திரும்புகிறவனுக்குப் படிக்க ஏது தெம்பு? தொழிலாளர்களின் அந்தக் கோபம் நியாயமானது.

டன்ஃபெர்ம்லைனில் பழைய கட்டடத்தை ஒட்டி 2017-இல் அருங்காட்சியகமும் கலைக்கூடமும் திறந்திருக்கிறார்கள். நூலகம் அதே இடத்தில்தான் நடக்கிறது.