ஜோக்கரைக் கொல்லாமல் விட்டது பேட்மேனின் பாவமா?

ஈரோட்டு மஞ்சள்:
காமிக்ஸ் கதைகளில் முகமூடி வீரன் பேட்மேன் யாரையும் கொல்ல மாட்டார் என்பதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது. 1988-ல் வந்த கதையில், அவருடைய துணைவன் ராபினாக இருந்த ஜேசன் டாட்டை வில்லன் ஜோக்கர் கடப்பாரையால் அடித்து, குண்டு வைத்துக் கொன்றான். அதற்கு முன் எத்தனை முறை கையில் சிக்கியிருந்தான்! பிடித்து ஆர்க்கம் என்ற மனநலக் காப்பகத்தில் அடைப்பார், அவன் தப்பிப்பான். அந்தப் பையனின் சாவில் பேட்மேனுக்கும் பங்கு உண்டு.

கோபி வாய்க்கால்மேடு:
அண்ணா, பங்கு என்று பார்த்தால் வாசகர்களுக்கும் உண்டுங்க. ராபின் சாகட்டுமா என்று தொலைபேசியில் வாக்கெடுப்பே நடந்தது. சாகட்டும் என்று 5,343 பேர், பிழைக்கட்டும் என்று 5,271. சரி, அதை விடுங்க. முகமூடி போட்டவர் தண்டனையும் கொடுக்க ஆரம்பித்தால் அவரிடம் யார் கணக்குக் கேட்பது? பூட்டு சரியில்லை என்றால் பூட்டைத்தான் மாற்றணும்.

ஈரோட்டு மஞ்சள்:
மாற்றும்வரை சாகிறவர்களுக்கு என்ன பதில், தம்பி? எங்கள் தோட்டத்து நாய்க்கு வெறி பிடித்தது. வளர்த்த நாய். அப்பாருக்கு அடிக்க மனசு வரவில்லை, விரட்டிவிட்டார். மறுநாள் கட்டுத்தரையில் கன்னுக்குட்டியைக் கடித்துவிட்டது. கொஞ்ச நாளில் கன்னுக்குட்டியும் நுரை தள்ளிச் செத்தது. "அன்னைக்கே அடிச்சிருக்கோணும்" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பொள்ளாச்சித் தென்னை:
அப்பாருடைய வேதனை புரிகிறதுங்க. ஆனால் கொன்றவரின் வேதனையையும் பாருங்கள். அதே 1988-ல் சூப்பர்மேன், ஓர் உலகத்தையே அழித்த மூன்று பேரை கிரிப்டோனைட் என்ற நச்சுக் கல்லால் கொன்றார். அவர்கள் சக்தி ஏற்கெனவே போயிருந்தது. அப்புறம் தன்னை அறியாமலே வேறொரு முகமூடி வீரனாக ஊர் சுற்றினார். அது தெரிந்ததும் பூமியை விட்டே போய்விட்டார். அவ்வளவு நியாயம் கையில் இருந்தும் மனசு உடைந்தது.

ஈரோட்டு மஞ்சள்:
மனசு உடைந்ததால் செய்தது தவறு என்று ஆகிவிடாதுங்க. அடித்திருந்தாலும் அப்பாரு அழுதிருப்பார். கன்று இருந்திருக்கும்.

கோபி வாய்க்கால்மேடு:
அப்போ ஸ்பைடர்மேன்? 1973-ல் வந்த கதையில், வில்லன் கிரீன் காப்ளின் பாலத்திலிருந்து தள்ளிவிட்ட தன் காதலி க்வென் ஸ்டேசியை வலை வீசிப் பிடித்தார், அந்த வெடுக்கிலேயே கழுத்து முறிந்தது. காப்பாற்றப் போன கை அது! அந்த வெறியில் காப்ளினை அடித்து நொறுக்கியவர், கொலைகாரனாகிவிடுவோம் என்று தானே கையை நிறுத்தினார். காப்ளின் தன் பறக்கும் வண்டி குத்தியே செத்தான். அதைப் பார்த்தும் அவருக்கு ஆறுதல் கிடைக்கவில்லை, வெறுமைதான்.

ஈரோட்டு மஞ்சள்:
ஆறுதலுக்காகக் கொல்லச் சொல்லவில்லை, தம்பி. அந்த வண்டி குத்தாமல் இருந்திருந்தால் அவனிடம் அடுத்துச் சிக்கியிருப்பது யார்? அதைச் சொல்லுங்க.