டீப் ஸ்பேஸ் நைன்: சிஸ்கோவை மன்னிக்கலாமா?

கேள்வி: நேற்று ராத்திரி ஸ்டார் டிரெக் தொடர்களில் ஒன்றான டீப் ஸ்பேஸ் நைனில் ஆறாவது சீசனின் 19-ஆவது எபிசோட் பார்த்தேன். 1998-இல் வந்ததாம். ராமுலன்கள் என்ற வேற்றுக்கிரக இனத்தைத் தம் பக்கம் போருக்குள் இழுக்கப் போலி ஆதாரம் தயாரித்து, கடைசியில் அவர்களுடைய செனட்டரே செத்து, அதற்கப்புறமும் விண்வெளி நிலையத்தின் கேப்டன் சிஸ்கோ கையில் கிளாஸோடு நம் முகத்தைப் பார்த்தே பேசுகிறார். ஸ்டார் டிரெக்கிலா இது? தூக்கமே வரவில்லை.

பதில்: சட்டையைக் கவனித்தீர்களா? முழு யூனிஃபார்மில் பேச ஆரம்பிப்பவர், கதை போகப் போக மேல்கோட்டைக் கழற்றிவிடுகிறார். வசனமே தேவையில்லை.

பதில்: இதில் சிஸ்கோவுக்கு உதவி, செனட்டரையும் தீர்த்துக்கட்டிய காராக் மேல் எல்லாரும் பழி போடுகிறார்கள். அந்தத் தையல்காரர் முன்பு உளவாளியாக இருந்தவர் என்று தெரிந்துதானே சிஸ்கோ போனார்? 85 லிட்டர் பயோமிமெட்டிக் ஜெல் என்ற ஆபத்தான பொருளைத் தூக்கிக் கொடுத்தபோதே கதை முடிந்துவிட்டது. அப்புறம் காராக் முகத்தில் குத்தி என்ன பயன்?

பதில்: வெள்ளிக்கிழமைதோறும் இறந்தவர்கள் பட்டியலை ஒட்டியது அவர்தான், அதை மறந்துவிட்டுப் பேசாதீர்கள். நான் சிஸ்கோ பக்கம்தான். ஆனால் தான் பேசிய அந்தக் குரல் பதிவைக் கடைசியில் அழிக்கச் சொன்னாரே, அதுதான் இன்னும் உறுத்துகிறது.