கைடு கேட்ட அந்த ஒரு கேள்வி: பெங்களூரு ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் அனுபவங்கள்

க்யூப் மோல்ட்:

2016, சிவில். நாலு பேர் பேட்ச். தலைப்பு எல்லாக் கல்லூரியிலும் ஓடுகிற அதே தலைப்புதான்: சிமெண்டில் ஒரு பங்கை எடுத்துவிட்டு ஜிஜிபிஎஸ் எனும் இரும்பு உலைக் கசடுத் தூள் போடுவது. 0, 30, 50 சதவீதம். எம்25 கலவை, எம்-சாண்ட். ஒவ்வொரு கலவையிலும் மூன்று கான்கிரீட் கட்டிகள் (க்யூப்) வார்த்து, 28 நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, மெஷினில் நசுக்கி வலிமை பார்க்க வேண்டும்.

மார்ச் 11 அன்று வார்த்தோம். 28ஆம் நாள் ஏப்ரல் 8. அன்றைக்கு யுகாதி என்பதை நாலு பேரில் ஒருவன்கூட காலண்டரில் பார்க்கவில்லை. வெள்ளி யுகாதி, மறுநாள் இரண்டாம் சனி, அப்புறம் ஞாயிறு. திங்கட்கிழமை லேபுக்குப் போனால் எங்கள் ஒன்பது க்யூப்களும் தரையில் கிடக்கின்றன. ஜூனியர்களுக்குத் தொட்டியில் இடம் வேண்டுமென்று அட்டெண்டர் எடுத்து வைத்துவிட்டார். நாங்கள் எண் போட்டிருந்தது போர்டு மார்க்கரில். நாலு வாரம் தண்ணீரில் கிடந்ததில் ஒன்றுகூட மிச்சமில்லை. எது 0, எது 50 என்று யாருக்கும் தெரியாது. ஒரு சின்ன டப்பா பெயிண்ட் வாங்கச் சோம்பேறித்தனம், வேறென்ன.

புதன்கிழமை ரிவ்யூ. எம்25க்கு இலக்கு வலிமை 31.6 (சதுர மில்லிமீட்டருக்கு நியூட்டன்), அதற்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும் என்று ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து எண்களை எழுதினோம். 30 சதவீதத்துக்கு 33.17, 32.84, 33.46. பார்க்க இயற்கையாக இருக்கட்டும் என்று தசமத்தைக் கலைத்துப் போட்டவன் நான்தான்.

கைடு மேடம் ஷிவமொக்காக்காரர். எங்களிடம் மட்டும் தமிழில் பேசுவார். ரெக்கார்டைப் பிரித்தார், ஒன்றும் கேட்கவில்லை. கால்குலேட்டரை எடுத்து 33.17ஐ 22.5ஆல் பெருக்கினார். வலிமையை க்யூப் முகத்தின் பரப்பால் பெருக்கினால் எத்தனை கிலோநியூட்டனில் உடைந்தது என்று வரும். 746.3 என்று வந்தது. அதை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். "நம்ம மெஷின் டயல்ல ஒரு கோடுன்னா 5 கிலோநியூட்டன். முள்ளு 745ல நிக்கும், இல்லேன்னா 750ல நிக்கும். இந்த 746 எல்லிந்த பந்து?"

எங்கிருந்து வந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. அதுகூடப் பரவாயில்லை. மறுநாள் செய்ததுதான் இன்னும் உறுத்துகிறது. 33.33, 32.89, 33.56 என்று மாற்றி எழுதிக்கொண்டு போனோம். முறையே 750, 740, 755. கணக்கு சரியாக வரும். உடைத்த தேதி மட்டும் ஏப்ரல் 8 என்றே இருந்தது. யுகாதி அன்று மேடம் வீட்டில் ஒப்பட்டு (போளி) தட்டிக்கொண்டிருந்திருப்பார். தேதியைப் பார்த்தார், பார்த்தது எனக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டார். தலையை நிமிர்த்தவே இல்லை.

இப்போது ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு சைட்டில் தரம் பார்க்கும் க்யூஏ வேலை. சப்-கான்ட்ராக்டர் ரிப்போர்ட் வந்தால் கை தானாக 22.5ஆல் பெருக்குகிறது. உங்களுக்கும் இப்படி ஒன்று இருந்தால் எழுதுங்கள்.

மூன்றாம் பெஞ்ச்:

உங்கள் மேடத்தை இவ்வளவு உயர்த்த வேண்டியதில்லை அண்ணா. பொய் என்று தெரிந்த பிறகும் கையெழுத்துப் போட்டாரே, அது யார் தப்பு? திருப்பி அனுப்பியிருந்தால் இன்னொரு 28 நாள், மே பாதியில் முடிந்திருக்கும்.

என் கைடை மொத்தம் மூன்று முறை பார்த்தேன். தலைப்பு கொடுத்தபோது, ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்கியபோது, வாய்மொழித் தேர்வான வைவாவில். வைவாவில் என்னைப் பார்த்து "நீ யாரோட பேட்ச்?" என்று கேட்டார். "உங்க பேட்ச் சார்" என்றேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர், எக்ஸ்டர்னல், சிரித்துவிட்டார். அவ்வளவுதான் என் கதை.

லீட் டூ:

நான் இசிஇ (எலெக்ட்ரானிக்ஸ்). இசிஜி அலையைப் பார்த்து இதயத் துடிப்பு சரியா, கோளாறா என்று பிரிக்கும் ப்ராஜெக்ட். எல்லோரும் எடுக்கிற எம்ஐடி-பிஐஎச் தரவுதான்: பாஸ்டனில் 1975 முதல் 1979 வரை பதிந்தவை, 48 பதிவுகள், ஒவ்வொன்றும் அரை மணி நேரம், நொடிக்கு 360 மாதிரிகள். ஒரு லட்சத்துக்கு மேல் துடிப்புகள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்கி, மாடலுக்குக் கற்பிக்க எண்பது, சோதிக்க இருபது சதவீதம் என்று பிரித்து ஓட்டினோம். 98.9 சதவீதம் வந்தது. கேண்டீனில் எல்லோருக்கும் மசால் தோசை வாங்கிக் கொடுத்தோம்.

வைவாவுக்கு வந்த எக்ஸ்டர்னல் வயதானவர். ஸ்லைடு ஓடும்போது மேரி பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார், கவனிக்கிறாரா என்றே தெரியவில்லை. முடித்ததும் ஒரே கேள்வி.

"201ஆம் பதிவு, 202ஆம் பதிவு. இரண்டுக்கும் என்ன உறவு?"

அடுத்தடுத்த எண் சார் என்றேன். வேறென்ன சொல்வது?

"இரண்டும் ஒரே ஆள்மா. 48 பதிவு, ஆனா 47 பேர். நீ படிச்சதே இல்லையா?"

அந்த நனைந்த பிஸ்கட் பாதி உடைந்து டீக்குள் விழுந்தது. அதை ஸ்பூனால் எடுத்துக்கொண்டே அடுத்ததையும் சொன்னார். 201, 202 சின்ன விஷயம். நீங்கள் துடிப்புகளைக் கலக்கிப் பிரித்ததால் ஒவ்வொரு நோயாளியின் துடிப்பும் இரண்டு பக்கமும் இருக்கிறது. உங்கள் மாடல் நோயைக் கற்கவில்லை, ஆளை அடையாளம் கண்டுபிடிக்கக் கற்றிருக்கிறது. புதிதாக ஒருவர் வந்து படுத்தால் என்ன செய்யும்?

அன்று இரவே ஒருவரின் துடிப்புகள் ஒரு பக்கம் மட்டும் வருமாறு ஆள்வாரியாகப் பிரித்து ஓட்டிப் பார்த்தேன். 84 சதவீதம். கைடு சாருக்கு மெசேஜ் போட்டேன். "பைண்டிங் முடிஞ்சிருச்சேம்மா, விடு" என்றார். தங்க எழுத்து போட்டு ஆறு காப்பி. நூலகத்தில் இன்றும் 98.9 என்றுதான் இருக்கும். அடுத்த வருட பேட்ச் அதையே பேஸ் பேப்பர் (அடிப்படையாக வைக்கும் ஆய்வுக் கட்டுரை) மாதிரி எடுத்து 99.2 ஆக்கிவிட்டார்களாம்.

மூன்றாம் பெஞ்ச் சொல்வதில் பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் கைடுக்கும் இது தெரிந்திருக்கவில்லை. தெரியாததற்கும் கண்டுகொள்ளாததற்கும் வித்தியாசம் உண்டு.

ரெட் இங்க்:

நான் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காருபவன். நாலு பேட்ச், பதினாறு பிள்ளைகள், இரண்டு தியரி பேப்பர், ஒரு லேப், அதற்கு மேல் கல்லூரி அங்கீகாரத்துக்கான என்பிஏ ஃபைல், நாக் ஃபைல். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. சரி, சாக்குதான்.

கேஜிஎஃப் (கோலார் தங்கவயல்) பையன் ஒருவன். தங்கச் சுரங்கம் 2001இல் மூடியபோது தாத்தாவுக்கு வேலை போன குடும்பம். தினமும் விடியும் முன்னே மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்து வருவான், சாயங்காலம் அதிலேயே போவான். தலைப்பு முடிவு செய்யும் ஜீரோத் ரிவ்யூவுக்கு ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டு வந்து என் மேஜை மேல் வைத்தான். உள்ளே மாவு மாதிரி சாம்பல் நிறப் பொடி. "சயனைடு மேட்டு மண் சார். காத்தடிச்சா எங்க வீட்டுக்குள்ள வரும். இதுல செங்கல் பண்ணலாமான்னு பாக்கலாம் சார்." தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய அரைத்த பாறைத் தூள், பல பத்தாண்டுக் குவியல்.

நான் கேட்ட கேள்வி: "பேஸ் பேப்பர் இருக்கா?"

இல்லை என்றான். எங்கே தேடினாலும் இதற்குப் பேப்பர் கிடைக்காது, சயனைடு வேறு, யார் அனுமதி கொடுப்பார்கள் என்று ஏதேதோ சொல்லி, ஃப்ளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) செங்கல் என்று ஒரு தலைப்பைத் தலையில் கட்டினேன். பையை எடுத்து முடிச்சுப் போட்டான். மேஜையில் சிந்தியிருந்ததைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுப் போனான்.

ப்ராஜெக்ட் நன்றாகவே செய்தான். ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கம், எதிர்காலத்தில் செய்யக்கூடியவை என்று ஒரு பத்தி இருக்குமே, யாரும் படிக்காத பத்தி, அதில் ஒரு வரி: தங்கச் சுரங்கக் கழிவு மண்ணிலும் இதைச் செய்து பார்க்கலாம். பிறகு ஒரு நாள் சும்மா தேடியபோது தெரிந்தது, கோலார் கழிவு மண்ணில் செங்கல் செய்வது பற்றி ஆய்வுக் கட்டுரையே அப்போது இருந்திருக்கிறது. அவன் கேட்ட அன்று நான் பத்து நிமிடம் தேடியிருந்தால் போதும்.

மூன்றாம் பெஞ்ச் தம்பி, உங்கள் கைடு உங்களை மறந்தது தப்புதான். ஆனால் 28 நாள் திருப்பி அனுப்பலாம் என்பது எளிதாகச் சொல்லிவிடக்கூடியது. மதிப்பெண் ஏற்ற வேண்டிய கடைசித் தேதி பல்கலைக்கழகம் போடுவது, மேடம் போடுவதல்ல.

ஈயப்பற்று:

என் கதை சின்னது. 2014, விஜயநகரில் ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் 18,000 ரூபாய்க்கு, நாலு பேர் பங்கு போட்டு, ரெடிமேட் வாங்கினோம். டெமோ அன்று அதே போர்டு, அதே நீல எல்சிடியோடு பக்கத்துக் கல்லூரிப் பையன் அதே ஹாலில் இருந்தான். இரண்டு திரையிலும் வரவேற்பு வாசகம் ஒன்றுதான், எழுத்துப் பிழை உட்பட.

அதனால் இப்போது படிக்கிற தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன். எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்பி ரோட்டுக்கு நீங்களே போங்கள், சனிக்கிழமை மட்டும் வேண்டாம், நிற்க இடம் இருக்காது. எந்த மாட்யூல் வாங்கினாலும் இரண்டாக வாங்குங்கள், ஒன்று கடைசி வாரம் புகையும். 7805 வோல்டேஜ் ரெகுலேட்டர் போட்டு 12 வோல்ட்டை 5 ஆக்குகிறீர்கள், அரை ஆம்பியர் இழுக்கிறது என்றால் அந்தச் சின்னத் துண்டு மூன்றரை வாட் சூட்டைத் தாங்க வேண்டும். சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் இல்லாமல் மாட்டிவிட்டு 'ரேண்டமா ரீசெட் ஆகுது சார்' என்று கைடிடம் போகாதீர்கள். காற்று மாசு பார்க்க எம்க்யூ-135 சென்சார் வாங்குபவர்கள் டேட்டாஷீட்டைத் திறந்து பாருங்கள், 24 மணி நேரத்துக்கு மேல் சூடேற்றச் சொல்லியிருக்கும். டெமோவுக்குப் பத்து நிமிடம் முன்னால் சொருகி எடுக்கிற எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. கல்லூரி வைஃபையை நம்ப வேண்டாம், மொபைல் ஹாட்ஸ்பாட் வையுங்கள்.

காசு இல்லை என்பவர்கள் ஐஐஎஸ்சி வளாகத்துக்குள்ளேயே இருக்கும் கர்நாடக மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் ப்ராஜெக்ட் திட்டத்தைக் கேளுங்கள். கைடும் பிரின்சிபாலும் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். எம்டெக்காரர்கள் காப்பி சதவீதத்தைக் கவனியுங்கள்: யுஜிசி 2018 விதிப்படி 10 வரை தண்டனை இல்லை, 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும், 60 வரை என்றால் ஒரு வருடம் தரவே முடியாது, அதற்கு மேல் பதிவே ரத்து. அப்புறம் ஒரு நோட்டு போட்டுத் தினமும் தேதியோடு எழுதுங்கள், கைடிடம் வாரா வாரம்...

லீட் டூ:

அண்ணா, தேதியோடு எழுதித்தான் க்யூப் மோல்ட் மாட்டினார். அறிவுரை யாரும் கேட்கவில்லை.

ஈயப்பற்று:

ஹீட் சிங்க் விஷயம் மட்டுமாவது யாருக்காவது உதவும் சகோதரி.

ஸ்லம்ப் கோன்:

இருபது வருடமாக ரெடிமிக்ஸ் கான்கிரீட் வேலை. க்யூப் மோல்ட், இரண்டு விஷயம். ஒன்று, 22.5 பெருக்கல் வைத்தியம் பழைய டயல் மெஷினுக்குத்தான். டிஜிட்டலில் 746.3 என்றே காட்டும். அதை வைத்து உங்கள் சப்-கான்ட்ராக்டரைப் பிடித்துவிடாதீர்கள், பாவம்.

இரண்டாவது, எனக்குப் படித்ததிலிருந்து தாங்கவில்லை. எண் அழிந்தால் என்ன? உடைத்திருக்கலாமே! கசடுத் தூள் போட்ட கான்கிரீட்டைத் தண்ணீரிலிருந்து எடுத்த கையோடு உடைத்தால் உள்ளே நீலப் பச்சையாக இருக்கும். வெறும் சிமெண்ட் சாம்பல். 0 தனியாக வந்துவிடும், 50இல் நிறம் 30ஐ விடத் தூக்கலாகத் தெரிந்திருக்கும். மூன்று நாள் தாமதம் என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதி, 31ஆம் நாள் வலிமை என்று போட்டிருந்தால் எந்தக் கைடும் ஏற்றுக்கொள்வார். உங்கள் மேடத்துக்கும் அந்த நிறம் தெரியாமல் இருந்திருக்காது.

மூன்றாம் பெஞ்ச்:

அதைத்தானே நானும் சொன்னேன். தெரிந்தவர் ஏன் சொல்லவில்லை?

க்யூப் மோல்ட்:

ஸ்லம்ப் கோன் சார், நிறத்தைப் பற்றி இன்றுதான் தெரியும். மூன்றாம் பெஞ்ச், எண் அழிந்ததையே நாங்கள் அவரிடம் சொல்லவில்லை. 746 எங்கிருந்து வந்தது என்று கேட்டபோதுகூட. பிறகு எதை வைத்து அவர் நிறத்தைச் சொல்வார்?

அந்த ஒன்பதும் உடையாமல்தான் இருக்கின்றன. போன டிசம்பரில் டிரான்ஸ்கிரிப்ட் வாங்கப் போனேன். டூ-வீலர் ஸ்டாண்டு ஓரம், குரோட்டன்ஸ் பாத்திக்கு வரப்பு மாதிரி வரிசையாக வைத்திருக்கிறார்கள், மேலே காவியும் வெள்ளையும் அடித்து. பத்தாவது ஒன்று வேறு யாருடையதோ. அதில் மட்டும் பெயிண்டில் எழுதிய எண் இன்னும் தெரிகிறது.