மறதி நோயுள்ள முதியோருக்குக் கூட்டு உடற்பயிற்சி: மாணவர்களை வைத்து நடத்தலாமா?

கேள்வி – பாம்பன் வாசி

தங்கச்சிமடம் அருகே வசிக்கிறேன். என் தந்தைக்கு டிமென்ஷியா எனும் மறதி நோய் நடுத்தர நிலையை எட்டிவிட்டதாக மதுரையில் மருத்துவர் கூறினார். எங்கள் ஊரில் இதே நிலையில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பெரும்பாலும் கடலுக்குப் போய் வந்தவர்களான இவர்கள், இப்போது பகல் முழுவதும் திண்ணையிலேயே இருப்பதால் கால் வலுவிழந்து தடுமாறுகிறார்கள். இவர்களைப் புயல் பாதுகாப்பு மையக் கூடத்தில் ஒன்றுசேர்த்துப் பயிற்சி செய்ய வைக்க எண்ணியுள்ளோம். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் சிலர் உதவ முன்வந்துள்ளனர். இதனால் நினைவாற்றல் திரும்புமா? மாணவர்களை நம்பி முதியவர்களை எழுந்து நிற்க வைக்கலாமா?

பதில் 1 – இயன்முறை மருத்துவர், இராமநாதபுரம்

முதல் கேள்விக்கு விடை, திரும்பாது என்பதுதான். இங்கிலாந்தில் லேசான, நடுத்தர டிமென்ஷியா உள்ள 494 பேரிடம் நடத்தப்பட்டு 2018இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், சற்றுக் கடுமையான உடற்பயிற்சி உடல் திறனைக் கூட்டியதே தவிர, அறிவாற்றல் குறைவதை மெதுவாக்கவில்லை. இதைக் குடும்பத்தாரிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் இரண்டு மாதத்தில் "ஒன்றும் பலிக்கவில்லை" என்று அழைத்து வருவதையே நிறுத்திவிடுவார்கள். கால் வலுவும் சமநிலையும்தான் நம் இலக்கு. முதியோர் வாரத்தில் மூன்று நாளாவது இவ்விரண்டுக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை.

மாணவர்களைத் தாராளமாக நம்பலாம், ஆனால் ஒரு முதியவருக்கு ஒரு மாணவர், அதுவும் ஒவ்வொரு முறையும் அதே மாணவர் என்று வையுங்கள். பெயர் மறந்தாலும் முகம் பழகிவிடும். வழுக்கும் பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். கைப்பிடியுள்ள கனமான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, அதிலிருந்து எழுந்து உட்காருவதையே முதன்மைப் பயிற்சியாக்குங்கள். "இடது காலைத் தூக்குங்கள்" என்று சொல்வதைவிட, மாணவர் எதிரே உட்கார்ந்து தாமே செய்து காட்ட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே அசைவு. எழுப்பும்போது கையையோ அக்குளையோ பிடித்து இழுக்கவே கூடாது. இரத்த அழுத்த மாத்திரை உண்பவர்கள் திடீரென எழுந்தால் தலைசுற்றி விழக்கூடும் என்பதால், எழுந்ததும் சற்று நின்று, பிறகே நடக்கட்டும். அண்மையில் விழுந்தவர்களும் இதய நோயாளிகளும் மருத்துவரைக் கேட்காமல் சேரக் கூடாது.

பதில் 2 – கீழக்கரை மருமகள்

என் மாமியாரை இப்படி ஒரு குழுவுக்கு அழைத்துச் சென்றோம். பெண்களுக்குப் பெண் தன்னார்வலர் இல்லையென்றால் பாதிப் பேர் வர மாட்டார்கள். கழிப்பறை அருகில் இருக்கிறதா என்பதையும் முதலில் பாருங்கள். மாலையில் வைத்தால் பதற்றம் கூடிவிடும். வெயில் ஏறுமுன் முடிப்பதே நல்லது.

எங்கள் குழுவில் ஒரு பெரியவர் பந்தை வீசச் சொன்னால் அசையாமல் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் தன்னார்வலர் ஒருவர் பழைய வலைக்கயிற்றின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்து மறுமுனையை இறுக்கிப் பிடித்தார். பெரியவர் கைமாற்றிக் கைமாற்றி இழுத்து, வந்த கயிற்றை மடியில் வளையம் வளையமாக அடுக்கினார். கூடவே மீனவர்கள் வேலையின்போது பாடும் அம்பாப் பாட்டும் வந்தது, மற்றவர்கள் "ஏலேலோ" சேர்த்தார்கள். கரைவலை இழுத்த கைக்கு பயிற்சிக்கான ரப்பர் பட்டையைக் கொடுப்பானேன்?

பதில் 3 – ஓய்வுபெற்ற செவிலியர், தொண்டி

மேலே சொன்னவை சரியே. என் கவலை வேறு. ஏப்ரல், மே மாதங்களில் தேர்வு, விடுமுறை என்று மாணவர்கள் கலைந்துவிடுவார்கள். இடைவெளி விழுந்தால், வரப் பழகிய முதியவரை மீண்டும் வீட்டைவிட்டுக் கிளப்புவது பெரும்பாடு. நல்ல வேளையாக, விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அமைகிறது. அப்போது கரையில் இருக்கும் மகன்களை மார்ச் மாதத்திலேயே, மாணவர்களின் பக்கத்தில் உட்கார வைத்துப் பழக்கிவிடுங்கள்.

பாம்பன் வாசி

நன்றி. விசைப்படகில் போகும் என் தம்பியிடம் இன்றே பேசிவிட்டேன், ஒப்புக்கொண்டான். கைப்பிடி நாற்காலிகளைத் திருமண மண்டபத்தில் இரவல் கேட்டிருக்கிறோம்.