1956 பிஎஸ்ஏ பி31க்கு உதிரிபாகம்: அசலுக்குக் காத்திருப்பதா, இங்கேயே செய்துகொள்வதா?

ஒற்றைச் சிலிண்டர்:
வணக்கம். என்னுடைய 1956ஆம் ஆண்டு பிஎஸ்ஏ பி31 மோட்டார்சைக்கிள் இரண்டு குறைகளால் ஓடாமல் நிற்கிறது. கியர்பாக்ஸில் லேஷாஃப்ட் எனும் துணைத் தண்டின் இரண்டாம் கியரில் சில பற்கள் உடைந்துவிட்டன. அத்துடன், சூடேறிய எஞ்சினை நிறுத்தினால் நன்றாக ஆறும் வரை மீண்டும் உதைத்துக் கிளப்ப முடிவதில்லை. கார்புரேட்டரைச் சரிபார்த்தாயிற்று, தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவைத்தான் சந்தேகிக்கிறேன். ஆலையிலிருந்து வெளிவந்து எந்த வண்டியிலும் மாட்டப்படாமல் பெட்டிக்குள்ளேயே தங்கிவிட்ட அசல் பாகங்கள் இன்னும் இங்கிலாந்தில் கிடைக்கின்றன. அவை கைக்கு வரும்வரை காத்திருப்பதே முறை என்று நான் கருதுகிறேன். பர்மிங்காமின் ஸ்மால் ஹீத் ஆலை 1970களிலேயே மூடப்பட்டுவிட்டதால், அந்த உலோகத்தை இனி எவரும் வார்க்கப்போவதில்லை.

காக்கி புக்கிட் கடைசல்காரர்:
தங்கள் வண்டியின் மீது தங்களுக்குள்ள பற்றை மதிக்கிறேன். காத்திருப்பதை மட்டும் ஏற்க மாட்டேன். சாதாரணப் பதிவில் உள்ள வண்டி என்றால், சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்க வாங்கும் பத்தாண்டு உரிமைச் சான்றிதழான சிஓஇ, வண்டி ஓடினாலும் நின்றாலும் கரைந்துகொண்டேதான் இருக்கும். கிடைக்குமா கிடைக்காதா என்றே தெரியாத ஒரு கியருக்காக அந்தக் காலத்தை ஏன் இழக்க வேண்டும்? செம்பவாங்கிலும் ஜூரோங்கிலும் கப்பல் பழுதுபார்த்துத் தேர்ந்தவர்கள், உடைந்த துண்டைப் பார்த்தே புதிய பாகத்தைக் கடைந்து தந்த ஊர் இது. புஷ், ஸ்பேசர், ஸ்பிண்டில் போன்றவற்றுக்கு இங்கிலாந்து வரை போவது தேவையற்ற செலவு.

ஒற்றைச் சிலிண்டர்:
புஷ்ஷும் ஸ்பேசரும் செய்துகொள்ளலாம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. கியரை அவற்றோடு சேர்த்துப் பேசுவதைத்தான் ஏற்க முடியவில்லை. அக்கால ஆங்கிலேயக் கியர்களின் பற்கள் அங்குலக் கணக்கான டயமெட்ரல் பிட்ச் அளவில், அதாவது ஓர் அங்குல விட்டத்துக்கு எத்தனை பற்கள் என்ற கணக்கில், வெட்டப்பட்டவை. இங்குள்ள பட்டறைகளின் கட்டர்களோ மாட்யூல் கணக்கில், அதாவது விட்டத்தில் ஒரு பல்லுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்ற கணக்கில், வருபவை. எடுத்துக்காட்டாக, 10 பிட்ச் என்பது மாட்யூல் 2.54 ஆகும். அருகில் இருக்கிறதே என்று 2.5 கட்டரில் வெட்டினால், பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும், பற்கள் சரியாகப் பொருந்தாமல் ஊளையிட்டு, இணைக் கியரையும் தின்றுவிடும். உலோகம் அடுத்த சிக்கல். இஎன்36 போன்ற நிக்கல்-குரோம் எஃகில் வெட்டி, மேற்பரப்பைக் கார்பன் ஏற்றிக் கடினப்படுத்தி, உட்பகுதியை முறியாத பதத்தில் விட வேண்டிய இடத்தில், கையில் கிடைத்த இஎன்8 எஃகில் வெட்டித் தருகிறார்கள். அது சில மாதங்களில் தேய்ந்து, உதிரும் துகள்கள் பேரிங்குகளுக்குள் போய்விடும். மேலும், தேடல் நீங்கள் நினைப்பதுபோல் குருட்டுத்தனமானது அன்று. பி31இன் சிலிண்டர் விட்டம் 71 மில்லிமீட்டர், அதே வரிசையைச் சேர்ந்த பி33இன் விட்டம் 85. பிஸ்டனின் வீச்சு இரண்டுக்கும் 88தான். எஞ்சினின் மேற்பகுதியை விட்டால் ஏராளமான பாகங்கள் இரண்டுக்கும் பொது. ஆகவே வண்டியின் பெயரைச் சொல்லித் தேடாமல் பாக எண்ணைக் கொண்டு தேடினால் வாய்ப்பு பெருகும். செப்டம்பரில் இங்கிலாந்தின் பியூலியில் கூடும் பழைய உதிரிபாகச் சந்தைக்குப் போகிறவர்களிடமும் அந்த எண்ணைக் கொடுத்துவைக்கலாம்.

மின்பொறி:
கியர் வழக்கில் நான் நுழையவில்லை. மேக்னெட்டோவுக்கும் பெட்டி பிரிக்காத அசலைத் தேடுகிறேன் என்பதை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். எஃகுக் கியர் எண்ணெய்த் தாளில் சுற்றியபடி அறுபது ஆண்டுகள் கிடந்தாலும் கியராகவே இருக்கும். மேக்னெட்டோவுக்குள் மின்னூட்டத்தைத் தேக்கும் கன்டென்சர் அப்படியன்று, அதனுள் இருக்கும் காப்புப் பொருள், ஒருநாள்கூட வேலை செய்யாமலே ஈரம் ஏறிச் சிதைந்துவிடும். ஆயில் சீலின் ரப்பரும் இப்படித்தான். சூட்டில் மறுத்து, ஆறியதும் இணங்குவது கசியும் கன்டென்சரின் வழக்கமான அடையாளம். மேக்னெட்டோவின் சுழலும் பகுதியான ஆர்மேச்சரில் உள்ள சுருளின் காப்பு கெட்டிருந்தாலும் இதே குறி தென்படும் என்பதால், இரண்டையும் சோதித்துவிடுங்கள். கன்டென்சர் ஆர்மேச்சருக்குள்ளேயே இருப்பதால் முழுவதையும் வெளியே எடுக்க வேண்டிவரும். இழுப்பதற்கு முன் பிக்கப்பையும் எர்த் பிரஷ்ஷையும் உடலில் உள்ள பாதுகாப்புத் திருகையும் கழற்றிவிட வேண்டும். திருகை மறந்து இழுத்தால், ஸ்லிப் ரிங்கின் விளிம்பு பிஸ்கட்டைப்போல் உடைந்துவிடும். வெளியே எடுத்ததும் காந்தத்தின் முனைகளை இரும்புத் துண்டால் இணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் அதன் வலு குறையும். உள்ளே இன்றைய கன்டென்சரை வைத்து மூடினால், வெளித்தோற்றத்தில் ஓர் இம்மிகூட மாறாது.

காக்கி புக்கிட் கடைசல்காரர்:
நண்பர் ஒற்றைச் சிலிண்டர் அவர்கள் கட்டர் இல்லை என்பதையே பெரிய தடையாகக் காட்டுகிறார். மின்னேற்றிய மெல்லிய கம்பியால் உலோகத்தை அறுக்கும் ஒயர் கட் முறையில் பல்லின் வடிவத்தை வரைபடமாகக் கொடுத்தால் போதும், டயமெட்ரல் பிட்ச் ஆனாலும் மாட்யூல் ஆனாலும் இயந்திரத்துக்கு ஒன்றுதான். எஃகின் தரத்தை எழுதிக் கொடுத்து, வெப்பப் பதப்படுத்தலைத் தனியே செய்வித்து, துளையை அதன் பிறகு கிரைண்ட் செய்து அளவுக்குக் கொண்டுவரலாம். ஒரே ஒரு கியருக்கு இது மலிவாக முடியாது என்பது உண்மை. ஆனால் வெளிநாட்டிலிருந்து வரும் பொட்டலமும் மலிவன்று. அனுப்பும் செலவோடு மதிப்பு 400 வெள்ளியைத் தாண்டினால், இங்கே 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் சேரும்.

எவ்வழியில் போனாலும் திருகு மரைகளில் கவனமாக இருங்கள். பிஎஸ்ஏவில் பெரும்பாலும் அங்குலத்துக்கு 26 மரை கொண்ட சைக்கிள் மரைதான். அதன் கால் அங்குலத் துளை 6.35 மில்லிமீட்டர் போல்ட்டுக்கானது. எம்6 போல்ட்டின் மரை இடைவெளி ஏறத்தாழ அதே அளவு என்பதால் தயக்கமின்றி உள்ளே ஏறிவிடும். பிடிப்பதோ மரையின் நுனிகளில் மட்டும். இறுக்கும்போது அலுமினிய உறையின் மரை முழுவதும் உருவிக்கொண்டு வந்துவிடும். கியர்பாக்ஸ் உறையை மூட அசல் மரை போல்ட்டுகளையே வாங்குங்கள். இதில் நான் உங்கள் பக்கம்.

ஒற்றைச் சிலிண்டர்:
மேக்னெட்டோவைப் பற்றி மின்பொறி அவர்கள் கூறியதை ஏற்கிறேன். உள்ளே புதிய கன்டென்சரே இருக்கட்டும். கியரைப் பொறுத்தவரை என் நிலைப்பாடு மாறவில்லை. ஒயர் கட் இயந்திரம் கொடுத்த வடிவத்தை வெட்டும். அந்த வடிவம் எங்கிருந்து வரும்? எஞ்சியிருக்கும் பற்களும் பல்லாண்டு ஓடித் தேய்ந்தவை. தேய்ந்த பல்லை நகலெடுத்தால் தேய்மானத்தையும் சேர்த்தே நகலெடுப்போம்.

காக்கி புக்கிட் கடைசல்காரர்:
தேய்ந்த முகத்தை யாரும் நகலெடுப்பதில்லை. பற்களின் எண்ணிக்கை, வெளிவிட்டம், இரு ஷாஃப்ட்டுகளின் மைய இடைவெளி, இணைக் கியரின் அளவுகள் ஆகியவற்றிலிருந்து பல்லின் வடிவத்தைக் கணக்கிட்டே வரைய வேண்டும். நீங்கள் அசலையே தேடுங்கள். ஆனால் உறை பிரிந்து கிடக்கும் இப்போதே அந்த அளவுகளை எடுத்து இங்கே பதிவிடுங்கள்; வரைபடத்தை நான் போட்டுத் தருகிறேன். சிஓஇ முடிய எத்தனை ஆண்டுகள் உள்ளன என்பதையும் குறிப்பிடுங்கள்.